கண்ணாடியில் நேராகும் முகம்

முதலில் சங்குதான். கண்ணைத் திறக்கவில்லை. முகத்தின் மேல் ஈரத்துண்டு கிடந்தது, அதன் அடியில் என் மூச்சின் சூடு எனக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. நீளமாக ஒரு ஊத்து, மூச்சு வாங்க ஒரு இடைவெளி, மறுபடி நீளமாக. யாரோ போய்விட்டார்கள். யார் என்று படுத்தபடியே தெருவை ஒரு நடை நடந்து பார்த்தேன். பெயிண்டர் மாசிலாமணி நாலு மாதமாய்ப் படுக்கையில் கிடக்கிறார், அவராக இருக்கலாம், ஆனால் காலையில் டியூட்டி முடித்து வரும்போது அவருக்கு மருமகள் பன்னை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள், பன் தின்றவர் மதியத்துக்குள் போவாரா, போகலாம், பன் தின்றுவிட்டும் போகிறார்கள். அல்லது முனைவீட்டு ரேஷன்கடைக்காரர். அல்லது யாருக்கும் பேர் தெரியாத அந்த மேல்மாடிக்காரர். சங்கு நின்றது. நின்ற இடத்திலிருந்து வயலின் எழுந்தது. எங்கள் தெருவில் இதுவரை எந்தச் சாவுக்கும் வயலின் வாசித்ததில்லை. துண்டை எடுத்தேன். சுவர்க் கடிகாரத்தில் ரெண்டு நாற்பது. அப்படியென்றால் இது சுவர் வழியாக வருகிற சாவு. பக்கத்து வீட்டு பிலோமினாவின் டிவியில் ரெண்டரை மணி சீரியல். அந்த சீரியலில் யாரோ செத்துவிட்டார்கள். அந்த சீரியலில் என் மகள் இந்துமதி நடிக்கிறாள், பெரிய வீட்டில் காபி கொண்டுவந்து வைக்கிற வேலைக்காரப் பெண்ணாக, எட்டு மாதமாக.

எழுந்து சுவரில் காதை வைத்தேன். சுண்ணாம்பு குளிர்ச்சியாக இருந்தது, காதுமடலில் ஒட்டியது. உள்ளே ஒரு பொம்பளை அழுகிறாள், மகராசி போயிட்டியே, இந்த வீட்டையே தாங்கினியே. மகராசி என்றால் யார். அந்த வீட்டில் சாகவேண்டிய நிலையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி பெரியம்மா, சொத்துக்காரக் கிழவி, மாசிலாமணியை விட அதிக நாளாய்ப் படுக்கையில் இருக்கிறாள், மூக்கில் குழாய். இன்னொருத்தி என் மகள். நேற்று, சின்ன மருமகளுக்கு விஷம் கலந்து வைத்திருந்த பாலை இவள் எடுத்துக் குடித்துவிட்டாள். டம்ளர் தரையில் உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது, அதோடு தொடரும் போட்டுவிட்டான். இந்த வீட்டையே தாங்கினியே என்பதைக் கிழவிக்குச் சொல்வார்கள். ஆனால் செத்த பிறகு வேலைக்காரிக்கும் அப்படித்தான் சொல்வார்கள். பேரைச் சொன்னால் போதும், செண்பகம் என்று என் மகள் வேஷத்தின் பேரைச் சொல்கிறார்களா பெரியம்மா என்கிறார்களா, அவ்வளவுதான், அந்த நேரம் பார்த்து பிலோமினா மிக்சியைப் போட்டாள். தேங்காய்ச் சட்னிதான் அரைக்கிறாள் போல, முதலில் கடகடவென்று, பிறகு இழைந்து. மிக்சி நின்றபோது மாவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டிக் கேட்கலாம். யாருங்க செத்தது என்று கேட்கலாம். ஐம்பத்திரண்டு வயது ஆள், ஐஸ் பேக்டரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிறவன், பகலில் லுங்கியோடு போய் ஒரு வீட்டுப் பொம்பளையிடம் சீரியலில் யார் செத்தது என்று கேட்பது. அவள் சிரிப்பாள், சிரித்துவிட்டு சாயங்காலம் குழாயடியில் குணவதியிடம் சொல்வாள், உங்க வூட்டுக்காரரு நம்ம சீரியல் பாக்கறாரா அக்கா என்பாள். குணவதிக்குத் தெரிந்துவிடும். எட்டு மாதமாக என் மனைவிக்குத் தெரியாமல் இதை வைத்திருக்கிறேன்.

காத்திருக்கவேண்டும். மூணே காலுக்கு யாரோ ஏற்றுவான். யார் என்று தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது, அவன் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் என்னைப் பெற்றவனுக்கு அடுத்தபடியாக நான் நம்பிக்கொண்டிருக்கிற ஆள் அவன்தான். டிவியில் முடிந்த கால்மணியில் முழு எபிசோடையும் போனில் போட்டுவிடுகிறான், விளம்பரம் இல்லாமல், பேர் போடுகிற இடத்தையும் வெட்டிவிட்டு, அதனால்தான் என் மகள் நடிப்புக்காகத் தனக்கு என்ன பேர் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. இதைக் காட்டிக் கொடுத்தது கம்ப்ரசர் ஆபரேட்டர் ஏகாம்பரம். "கேபிள்காரனுக்கு எதுக்குப்பா குட்க்கணும், எவனோ ஏத்தறான், நாம பாக்கறோம், கோயில் பொங்கல் மாறி, யார் குட்த்தான்னு கேட்டா வாங்கறோம்" என்றான். எனக்கு அது காசு சமாசாரம் இல்லை. எங்கள் வீட்டில் கேபிள் வயரை நறுக்கியது நான். மூணு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதம், ஸ்டூல் போட்டு ஏறி, கட்டிங் பிளேயரால், ஜன்னலுக்கு மேலே. நறுக்கின முனை இப்பவும் அங்கேயே தொங்குகிறது. உள்ளே செம்புக்கம்பி ஒன்று பல் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவன் கேட்டான், இதை எடுத்துடட்டுமா சார். வேண்டாம் என்று குணவதிதான் சொன்னாள். ஏன் வேண்டாம் என்றாள் என்று நான் கேட்கவில்லை. கேபிள்காரனைக் கூப்பிட்டு மறுபடி மாட்டச் சொல்லலாம், கால் மணி நேர வேலை, அவன் ஏணியைச் சாய்த்து ஏறும்போது தெருவே பார்க்கும், குணவதி பார்ப்பாள், நறுக்கின கையே ஒட்டவும் சொல்கிறது என்று. அது முடியாது. போனில் பார்க்கலாம். போன் என்பது கையளவு இருட்டு, கவிழ்த்து வைத்தால் ஒன்றும் இல்லை.

ஏகாம்பரத்தின் போனில்தான் முதலில் பார்த்தேன். அவன் பீடி பற்றவைக்கப் போனபோது போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான், நான் ஐஸ் கேனைத் தொட்டியில் முக்கிக் கழற்றிவிட்டு, மரத்துப்போன விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் தட்டில் காபி கொண்டுவந்தாள். எங்கள் இந்து மாதிரி இருந்தாள். இந்து மாதிரி நடந்தாள், குதிகாலைத் தேய்த்து. ஆனால் காபியை இடதுகையால் எடுத்து வைத்தாள். என் மகள் சோற்றுக்கையால்தான் எல்லாம் செய்வாள். குரலும் அவள் குரல் இல்லை, எலி கத்துகிற மாதிரிக் கீச்சென்று இருந்தது. புருவத்தில் வெட்டுத்தழும்பு, அது இருந்தது, ஆனால் வலது புருவத்தில். இந்துவுக்கு இடது. ஆறு வயதில் ஐஸ் எப்படிச் செய்வார்கள் காட்டுப்பா என்றாள் என்று பேக்டரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன், இதே தரை, வழுக்கி கேன் விளிம்பில் விழுந்தாள், ரத்தம் ஐஸ் தூளில் விழுந்து ரோஸ்மில்க் மாதிரி ஆனதை அழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இடதுதான். இடது புருவத்தை நான் கையால் அழுத்திக்கொண்டே ஓடினேன், என் வலதுகைக்கு அது எதிரில் இருந்தது. போனில் பார்த்ததிலிருந்து ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. இடமா வலமா. பெற்ற பெண்ணின் எந்தப் புருவம் என்று தெரியாமல் ஒருத்தன் இருப்பானா. மூணாம் நாள் ஏகாம்பரத்திடம் கேட்டேன், அந்த வூட்ல ஏன் எல்லாரும் இடதுகைக்காரங்களா கீறாங்க என்று, பொதுவாகக் கேட்கிற மாதிரி. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அட, நேரா ஏத்தினா கம்பெனிக்காரன் மெஷினு கண்டுபுட்ச்சி தூக்கிடும். அதான் படத்தத் திருப்பிப் போட்டுக்கறான். கொரலையும் கொஞ்சம் ஏத்திவுட்ருவான். முந்தானி எந்தத் தோள்ல கீதுன்னு பாரு, எல்லாப் பொம்பளைங்களுக்கும் சோத்தாங்கைப் பக்கம். மூணு நாளா பாக்கற, அத்த கவனிக்கலியா நீ." நான் முந்தானையைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஷேவிங் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி, சொம்பில் சாய்த்து, போனை அதற்கு எதிரே பிடித்தேன். கண்ணாடிக்குள் முந்தானைகள் இடத்தோளுக்கு வந்தன. இடப்புருவத்துக்குத் தழும்பு வந்தது. வலதுகையால் காபியை வைத்துவிட்டு என் மகள் திரும்பி நடந்தாள்.

அன்றிலிருந்து இப்படித்தான். ரெண்டரைக்குச் சுவரில் காது, அப்போது அவள் குரல் கிடைக்கும், நிஜக்குரல், கட்டைக்குரல், "கூப்ட்டீங்களாம்மா" என்கிற ஒரு வரியோ "இதோ வரேம்மா" என்கிற ஒரு வரியோ. மூணே காலுக்குக் கண்ணாடியில் முகம். ரெண்டும் சேர்ந்து ஒருநாளும் கிடைத்ததில்லை. குரல் இருக்கும்போது முகம் இல்லை, முகம் வரும்போது எலிக்குரல், சத்தத்தை அணைத்துவிட்டு, சுவரில் கேட்டதை நினைவிலிருந்து எடுத்து அவள் வாயில் வைத்துப் பார்ப்பேன். சில நாள் சரியாக உட்காரும். பல நாள் அவள் வாய் மூடியபிறகுதான் என் ஞாபகம் பேசும்.

குணவதி காலையில் ஆஸ்டலுக்குச் சமைக்கப் போகும்போது முருங்கைக்கீரையைச் செய்தித்தாளில் கொட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாள், எழுந்ததும் உருவி வை, பூ இருந்தா தனியா வை என்று. உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தேன். உருவவில்லை. என் விரல் நுனிகளுக்கு இலை தெரிவதில்லை, இருபத்தாறு வருஷ ஐஸ், காம்பா இலையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும், கண் போன் பக்கமே போனது. மூணு மணி. கிழவியாகத்தான் இருக்கும். ஏகாம்பரமும் அதைத்தான் சொன்னான், நேற்று ராத்திரி, அந்தக் கெழவி ஆர்ட்டிஸ்ட்டு டேட்டு இல்லியாம்பா, அத்தப் போட்டுத்தள்ளிடுவான், வேலக்காரிய எதுக்குக் கொல்லணும், அவளுக்கு என்னா செலவு. அவனுக்குத் தெரியாது அவள் யார் என்று. வேலைக்காரி என்று அவன் சொல்கிற ஒவ்வொரு தடவையும் கேனை இழுக்கிற கொக்கியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். போனில் கீழே கமெண்ட்டிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒருமுறை ஒருத்தன், அந்த வேலைக்காரி மூஞ்சியைப் பார்த்தால் காபி குடிக்கவே தோணாது என்று போட்டிருந்தான். நான் ஒரு மணி நேரம் தட்டித் தட்டி எழுதினேன், அந்தப் பெண்ணும் ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான் தம்பி. அதற்கு நாற்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். ஒருத்தர் மட்டும் கும்பிடுகிற கை போட்டிருந்தார். அந்தக் கையை அடிக்கடி போய்ப் பார்ப்பேன்.

கிழவியாக இருக்கட்டும். ஒரு கிழவியின் சாவை இப்படி வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்து செத்தால் எனக்கு அவளைப் பார்க்க வேறு இடம் இல்லை. போன் நம்பரை மாற்றிவிட்டாள், வடபழனியில் தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டாள், அதற்குப் பிறகு எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை, நான் போய்க் கேட்டேன், குணவதிக்குத் தெரியாமல் அதையும் கேட்டேன், அந்த வீட்டு ஓனரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, நீங்க யாரு என்றாள். தெரிஞ்சவரு என்றேன். அப்பா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கேட்பாள், அப்பாவுக்கு எப்படிங்க தெரியாம போகும். எப்படி என்றால் இப்படி. மூணு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி நான் டியூட்டிக்குக் கிளம்புமுன் சாப்பிட உட்கார்ந்தோம், இந்து தட்டை முன்னால் இழுத்துக்கொண்டே, அப்பா இன்னிக்கு எனக்கு மொத வேஷம் குட்த்தாங்கப்பா என்றாள். என்னா வேஷம். பொணம். ஆஸ்பத்திரி சீன்ல வெள்ளத்துணி போத்திகினு படுத்திருந்தேன், மூச்சு விடாம நாலு டேக்கு. குணவதி கையை உதறிக்கொண்டாள். அய்யோ ஒண்ணும் ஆவாதும்மா, அவங்களே பரிகாரம் வெச்சிருக்காங்க, ஷாட்டு முடிஞ்சதும் எழுந்து உக்காந்து கேமராவப் பாத்து சிரிக்கணும், சிரிக்கறதையும் எடுப்பாங்க, அப்புறம் பூசணிக்கா சுத்தி ஒடைப்பாங்க, அப்பதான் எழுந்து போவவே விடுவாங்க. எப்டி சிரிச்சேன் தெரியுமா என்று சிரித்துக் காட்டினாள். மேல்பல் ஒன்று கொஞ்சம் முன்னால் வந்திருக்கும், அது தெரிய. வாயில் சோறு இருந்தது. நான் தட்டைத் தள்ளினேன். உயிரோட கீற பொண்ணு பொணமா படுத்துட்டு வந்து சோறு துன்றாளா. அவள் இன்னும் சிரிப்பை மூடவில்லை. அப்ப செத்ததாவே இரு என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம், சொன்னவர்கள் எல்லாம் தலைமுழுகுகிறார்களா, வாயால் சொல்வதுதானே அது. நான் எழுந்து வெளியே போய், தெருக்குழாய்க்குக் கீழே குடத்தில் பிடித்திருந்த தண்ணீரை, யார் குடமோ, எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். சட்டையோடு. ஒரு குடம், இன்னொரு குடம். தெரு பார்த்தது. அவள் வாசற்படியில் சோற்றுக்கையோடு நின்று பார்த்தாள். ஈரத்தோடேயே ஸ்டூலைப் போட்டு வயரை நறுக்கினேன். ஈரத்தோடேயே டியூட்டிக்குப் போனேன், ஐஸ் பேக்டரியில் சட்டை உடம்பில் விறைத்தது, காலையில் வந்தபோது அவள் பெட்டி இல்லை.

மூணு பதினேழு. வந்துவிட்டது. தொட்டேன், வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இன்றைய நெட் தீர்ந்துவிட்டதா, காலையில் பஸ்ஸில் நேற்றைய எபிசோடை மறுபடி பார்த்தேன், அந்த டம்ளர் உருள்வதை மூணு தடவை பார்த்தேன், அதில் போயிருக்கும், இந்த வட்டம் இப்படியே சுற்றட்டும், சுற்றுகிறவரை ரெண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டிருக்கும்போதே படம் வந்துவிட்டது. கண்ணாடியைச் சொம்பில் சாய்த்தேன். பெரிய வீட்டுக் கூடம். எல்லாரும் வெள்ளையும் வெளிர்நீலமும். கட்டில் காலியா என்றுதான் முதலில் பார்த்தேன். காலி இல்லை. கிழவி கட்டிலில் இருந்தாள், மூக்கில் குழாயோடு, ஒரு கண்ணால் அழுதுகொண்டு. கேமரா மெதுவாக நகர்ந்தது, அவர்களுக்கு அவசரமே கிடையாது, தூணைக் காட்டினான், அழுகிற சின்ன மருமகளைக் காட்டினான், அவள் முகத்துக்கே மூணு தடவை போனான், பிறகு குத்துவிளக்கு, பிறகு ஊதுவத்திப் புகை, புகைக்குப் பின்னால் ஒரு படம். சந்தனமாலை போட்டிருந்தது. போனில் எழுத்து திரும்பியிருந்தது, கோணலும் கொக்கியுமாக, படிக்கமுடியாது, அதனால் ஒரு நொடி அதற்கு அர்த்தம் இல்லாமல் இருந்தது. கண்ணாடியில் அது நேராக நின்றது. தோற்றம் என்று ஒரு தேதி. மறைவு என்று இன்றைய தேதி. நடுவில் என் மகள். படத்துக்காக அவர்கள் பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்பல் தெரிய. அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன், வாயில் சோறோடு. பூசணிக்காய், பூசணிக்காய் உடைத்திருப்பார்களா என்று தேடினேன், கூடத்தில் எங்கே தெரியும் அது, அதெல்லாம் படத்துக்கு வெளியே நடப்பது. பிணமாகப் படுத்தால் பரிகாரம் உண்டு என்று சொன்னாள். சும்மா போட்டோ எடுத்து, ஆள் ஊருக்குப் போனபிறகு மாலை போட்டால், அதற்கு யார் சிரிப்பது, யாரைக் கேமரா முன்னால் உட்காரவைப்பது. ஒரு காபி கொண்டுவருகிற பெண்ணுக்கு யார் பூசணிக்காய் வாங்கப் போவார்கள். படத்தை நிறுத்தினேன். மாலையின் மேல் விரலை வைத்து மறைத்துப் பார்த்தேன், கண்ணாடியில் என் விரலும் சேர்ந்து தெரிந்தது, கறுத்து, நகம் வெளுத்து, மாலையை விடத் தடிமனாக. விரலை எடுத்தேன். கண்ணாடியில் அவள் படம், அதன் ஓரத்தில் என் காது, என் தோள், தோளுக்குப் பின்னால் திறந்த கதவு, கதவில் குணவதி.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. போனைக் கவிழ்த்தேன். கவிழ்த்து என்ன, கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"கீரைய உருவலியா இன்னும்" என்றாள்.

"உருவணும்."

உள்ளே வந்து பையை ஆணியில் மாட்டினாள். சொம்பில் சாய்ந்திருந்த கண்ணாடியை எடுத்து முந்தானையால் ஒருமுறை துடைத்து, அதன் ஆணியில் மாட்டினாள். அது எப்போதும் இருக்கிற கோணலில்தான் மாட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல், "ஆஸ்டல்ல பாத்துட்டுத்தான் வரேன்" என்றாள்.

"எத்தினி நாளா?"

"மொத நாள்லேர்ந்து. அந்தப் பொண்ணுங்க சாப்புடற எடத்துல பெரிய டிவி. பாத்தரம் கழுவிகினே பாப்பேன். ஒருநாளும் சொல்லல, யார்ட்டயும். இன்னிக்கு ஒரு பொண்ணு சொல்லுது, அக்கா உங்களுக்கு இன்னாக்கா, சீரியலுக்கெல்லாம் இப்டி அழுவறீங்கன்னு."

ஒரே டிவியில் அவளுக்குக் குரலும் முகமும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது. எட்டு மாதம். நான் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நம்பரு ஏதாவது" என்றேன்.

"இருந்தா குட்த்திருக்க மாட்டனா. அந்த வேலக்காரி வேற எதுலனா வராளான்னு அந்தப் பொண்ணுங்களையே கேட்டேன். வேற எதுலயும் இல்லியாம். இதோட முடிஞ்சிதாம்."

"பூசணிக்கா ஒடச்சிருப்பாங்க."

"ம்."

"சிரிக்கவும் வெச்சிருப்பாங்க. அவதான் சொன்னாளே."

சுவருக்கு அந்தப்பக்கம் பிலோமினா டிவியில் வேறு ஏதோ கல்யாணம், நாதஸ்வரம். நான் எழுந்து நின்றேன், எதற்கு என்று தெரியவில்லை, கால் தானாகக் கொல்லைப்பக்கம் திரும்பியது, அங்கே தொட்டியில் தண்ணீர் நிரம்பி இருந்தது, குவளை மிதந்துகொண்டிருந்தது.

"எங்க போற" என்றாள். "தலைக்கு ஊத்திக்கவா? நீதான் அன்னிக்கே ஊத்திக்கிட்டியே."

குரலை உயர்த்தவில்லை. பால் வாங்கியாச்சா என்று கேட்கிற குரல்தான். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், செய்தித்தாளைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தாள், ஒரு கொத்தை எடுத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக உருவினாள். இலைகள் தாளில் விழுந்தன. இன்னொரு கொத்து. அவள் கை வேகமாகப் போனது, கண் கீரையில் இல்லை, நறுக்கின வயர் தொங்குகிற ஜன்னலில் இருந்தது. பிறகு எதிரில் உட்கார்ந்து, நான் பாதியில் விட்ட கொத்தை எடுத்தேன். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, காம்பை ஒருபக்கமும் இலையை ஒருபக்கமும், ஒவ்வொன்றாக, பூவைத் தனியாக வைத்தேன்.